சிமிந்தி வெடிப்பில் வெள்ளிப் பாசி

பட்டணத்துக்குப் போனால் நடைபாதை ஓரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிமிந்தி வெடிப்பில் வெள்ளி பூசினாற்போல ஒரு பாசி ஒட்டிக் கிடக்கும். அறிவியலார் இதைப் ‘பிரையம் ஆர்ஜெண்டியம்’ என்கிறார்கள். லண்டன், நியூயார்க் தெருக்களிலும் உண்டு. பனி உறைந்த அண்டார்டிகாவிலும் உண்டு.

இதற்கு உண்மையான வேர் கிடையாது. இலையாலேயே தண்ணீர் குடிக்கும். வெயிலில் செத்தது போலக் காய்ந்து கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், பச்சை பிடித்துவிடும். இலை நுனியில் பச்சையம் இல்லாததால்தான் அந்த வெள்ளி நிறம். மிதித்தாலும் அழியாது. பிய்ந்த துண்டு செருப்பில் ஒட்டிப் போய், விழுந்த இடத்தில் முளைக்கும்.

ஆனால் பாசி எதுவானாலும், வீட்டுச் சுவரிலும் குளியலறைப் படியிலும் ஏறினால் சும்மா விடக்கூடாது. அங்கே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். சுரண்டினால் மறுபடியும் வரும். கசிவைத்தான் அடைக்க வேண்டும். வயசான பாட்டி வழுக்கி விழும்வரை காத்திருக்கலாமா? தொழிலாளர் குடியிருப்பைப் பழுது பார்ப்பது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். ஒற்றைப் பாசித் தண்டு சீக்கிரம் காய்ந்துவிடும். நெருங்கி நிற்பதால்தான் அது ஈரத்தைக் காக்கிறது. இதைத்தானே சங்கக் கூட்டத்தில் நாங்கள் கரடியாகக் கத்துகிறோம்! லயத்தார் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுங்கள்.