சூயஸ் முதல் உக்ரைன் வரை: போரில் பணபலத்தின் பங்கு

போர்க்களத்தில் வென்றும் போரில் தோற்க நேரிடும் என்பதை 1956-ஆம் ஆண்டு சூயஸ் நெருக்கடி காட்டியது. எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கிய கால்வாயைக் கைப்பற்ற இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்றும் கைகோத்துப் படையெடுத்தன. போர்ட் சயீத் நகரம் வீழ்ந்தது. ஆனால் பவுண்டின் மதிப்பைக் காக்க பிரிட்டன் தன் டாலர் கையிருப்பைக் கரைக்க வேண்டியிருந்தது. நவம்பரில் மட்டும் 25 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. படைகள் வெளியேறாதவரை பன்னாட்டு நிதியத்தின் கடனுக்கு ஆதரவில்லை என்றது அமெரிக்கா. டிசம்பர் 22-க்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறின.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது பணம் என்னும் இதே ஆயுதம் மிகப் பெரிய அளவில் எடுக்கப்பட்டது. ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பில் ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 30,000 கோடி டாலர், முடக்கப்பட்டது. பல ரஷ்ய வங்கிகள், வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத் தகவல்களை அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து நீக்கப்பட்டன. டிசம்பரில் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு பீப்பாய்க்கு 60 டாலர் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு மேல் விற்றால் மேற்கத்தியக் காப்பீடும் கப்பல் சேவையும் கிடைக்காது என்பது அப்போதைய விதி.

ஆயினும் போர் நிற்கவில்லை. கடனுக்குக் காத்திருந்த பிரிட்டனின் நிலையில் ரஷ்யா இல்லை. அதனிடம் உலகுக்குத் தேவையான எண்ணெய் இருந்தது. ஐரோப்பா விட்ட இடத்தைச் சீனாவும் இந்தியாவும் நிரப்பின. போருக்கு முன் இந்தியாவின் எண்ணெய் இறக்குமதியில் மிகச் சிறிதாக இருந்த ரஷ்யாவின் பங்கு, 2023-இல் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. உரிமையாளர் யாரென்று எளிதில் தெரியாத பழைய டேங்கர்கள் சரக்கைச் சுமந்தன. 2022-இல் சுருங்கிய ரஷ்யப் பொருளாதாரம் அடுத்த ஆண்டே 3 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. மாற்று வழி உள்ள நாட்டைத் தடைகள் நலிவடையச் செய்யலாம். உடனே பணிய வைப்பதில்லை.

களத்திலும் விலைக் கணக்கு மாறிவிட்டது. ரஷ்யா ஏவும், ஈரானிய வடிவமைப்பிலான ஷாஹெத் ட்ரோனின் விலை சில பத்தாயிரம் டாலர். பேட்ரியாட் வான் பாதுகாப்பு அமைப்பின் நவீன இடைமறிப்பு ஏவுகணை ஒன்றின் விலை சுமார் 40 லட்சம் டாலர். எனவே ஒவ்வொரு ட்ரோனையும் ஏவுகணையால் வீழ்த்துவது கட்டுப்படியாகாது. இயந்திரத் துப்பாக்கிகளும், ட்ரோனை மோதி வீழ்த்தும் மலிவான ட்ரோன்களும் உக்ரைனில் பயன்பாட்டுக்கு வந்தது இதனால்தான்.

ஆயுத உற்பத்தியும் வணிகத்தை நம்பியே நடக்கிறது. எஃப்-35 போர் விமானம் ஒன்றுக்கு 400 கிலோவுக்கு மேல் அரிய மண் தனிமங்கள் தேவை. அவற்றைச் சுத்திகரிப்பதில் பெரும்பங்கு சீனாவிடம் உள்ளது. அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியதும், 2025 ஏப்ரலில் அத்தகைய ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது.