நூறு வயதிலும் இளையவர்

பெயருக்குப் பின்னால் – 9

பீட் டெ யோங் 1915-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தளபதியாக இருந்தார். 1967 முதல் 1971 வரை நெதர்லாந்தின் பிரதமர். 2016-ல் அவர் காலமானபோது வயது 101. அந்தப் பழுத்த கிழவரின் குடும்பப் பெயருக்கு டச்சு மொழியில் என்ன பொருள் தெரியுமா? ‘இளையவர்’.

இவர் ஒருவர் மட்டும் என்றால் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். 2007-ம் ஆண்டுக் கணக்கில், நெதர்லாந்தில் டெ யோங் என்ற பெயரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 84,000 பேர். அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 64 லட்சம். அதாவது 200 பேர் கூடினால் அதில் ஓர் ‘இளையவர்’ இருப்பார். டச்சுக் குடும்பப் பெயர்களில் இதற்குத்தான் முதலிடம். சென்ற வாரம் நாம் பார்த்த யான்சன் இரண்டாவதாக வருகிறது.

கால்பந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பார்சிலோனாவுக்கு ஆடிய ஃபிரெங்கி டெ யோங்கைத் தெரிந்திருக்கும். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் சாபி அலோன்சோ நெஞ்சில் பூட்ஸ் காலால் உதைத்த நைஜல் டெ யோங்கை மறந்திருக்கவே மாட்டார்கள். நம் விளையாட்டுப் பக்கங்களில் ‘டி ஜாங்’ என்று அச்சாவதும் இதே பெயர்தான். ஆங்கிலத்தில் ‘ஜ’ என்று ஒலிக்கும் எழுத்து டச்சில் ‘ய’ ஆகிவிடும்.

சரி, இளையவர் என்றால் யாருக்கு இளையவர்?

இதற்குப் பதில் தேட, குடும்பப் பெயரே இல்லாத ஒரு டச்சுக் கிராமத்துக்குப் போகவேண்டும். அங்கே புழங்கிய பெயர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும்: யான், பீட்டர், கிளாஸ், வில்லெம். தலைப்பிள்ளைக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், அடுத்த மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர் என்பது வழக்கம். கூடவே அப்பா பெயரையும் ஒட்டிக்கொள்வார்கள். யானின் மகன் பீட்டர் என்றால் பீட்டர் யான்ஸ்ஸோன். அவன் மகன் யான் பீட்டர்ஸ்ஸோன். அவனுக்குப் பிறப்பவன் மறுபடியும் பீட்டர் யான்ஸ்ஸோன். தாத்தாவுக்கும் பேரனுக்கும் அச்சு மாறாமல் ஒரே முழுப்பெயர்! இரண்டு தாத்தாக்களும் யான் ஆக இருந்துவிட்டால், ஒரே வீட்டில் அண்ணனும் யான், தம்பியும் யான். அப்படியும் நடந்திருக்கிறது.

இப்போது அந்த ஊரில் யானுக்குக் கடன் கொடுத்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள். எந்த யான் வீட்டுக் கதவைத் தட்டுவார்? ஊரே ஒரு வழி கண்டுபிடித்தது. மூத்த யானுக்கு ‘டெ ஔட’, அதாவது மூத்தவர். இளைய யானுக்கு ‘டெ யோங்க’, இளையவர். 17-ம் நூற்றாண்டில் கடலையும் கப்பல்களையும் வரைந்து புகழ்பெற்ற அப்பாவும் மகனும் இருந்தார்கள். இருவருக்கும் வில்லெம் வான் டெ வெல்ட என்றே பெயர். கலை வரலாறு இன்றுவரை அவர்களை மூத்தவர், இளையவர் என்றுதான் பிரித்துச் சொல்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். இளையவர் இருந்தால் பக்கத்தில் ஒரு மூத்தவரும் இருந்திருக்க வேண்டுமே. அப்படியானால் நாட்டில் மூத்தவர்களும் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டாமா? ‘டென் ஔடன்’ என்று மூத்தவர்களுக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் டெ யோங் கூட்டத்துக்குப் பக்கத்தில் அது சிறு கும்பல். காரணம் எளிது. முதலில் வந்த யானுக்கு அடைமொழி தேவைப்படவில்லை. அவர் வெறும் யான். இரண்டாவது யான் பிறந்த பிறகுதான் குழப்பமே வருகிறது, அடைமொழியும் அவன் தலையில்தான் விழுகிறது. அப்பா செத்துப் பல வருடம் ஆன பிறகும், தாடி நரைத்த பிறகும், ஊர்வாயில் அவன் ‘இளையவன்’தான்.

ஊர்வாயில் இருந்த இந்தச் சொல் குடும்பச் சொத்தாக நிலைத்தது எப்படி? பலருக்கு அது முன்பே நிலைத்துவிட்டது. நகரங்களிலும் மேற்குப் பகுதியிலும் தெற்கிலும் பெரும்பாலோர் நெப்போலியன் வருவதற்கு முன்பே குடும்பப் பெயர் வைத்திருந்தார்கள். ஃபிரிஸ்லாந்து போன்ற வடக்கு மாகாணங்களில்தான் அப்பா பெயரோடு காலம் தள்ளியவர்கள் அதிகம். 1810-ல் நெதர்லாந்தைப் பிரான்ஸோடு இணைத்துக்கொண்ட நெப்போலியனுக்கு இது சரிப்படவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும் பெயரை வைத்துக்கொண்டு எப்படி வரி வசூலிப்பது? எப்படிப் படைக்கு ஆள் பிடிப்பது? 1811 ஆகஸ்ட் 18 அன்று ஆணை வந்தது: குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

குடும்பத் தலைவர் மேயர் முன்னால் போய் நிற்பார். பெயரைச் சொல்வார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரும் வயதும் பதிவேட்டில் ஏறும். ஃபிரிஸ்லாந்தின் அந்தப் பதிவேடுகள் இன்றும் லேவார்டன் நகரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊரார் ஏற்கெனவே ‘இளையவன்’ என்று கூப்பிட்டவர் அதையே சொல்லியிருப்பார். புதிதாக யோசிக்கும் வேலை மிச்சம். அந்த நொடியில் பெயர் உறைந்துபோனது. அவருடைய குழந்தை இளையவர், குழந்தையின் குழந்தையும் இளையவர். எல்லோரும் உடனே பணிந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1825-ல் மன்னர் முதலாம் வில்லெம் மறுபடியும் ஆணை போட வேண்டியிருந்தது.

இந்த ஆணையைச் சுற்றி டச்சுக்காரர்கள் ரசித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ‘பிரெஞ்சுக்காரன் நாலு நாளில் போய்விடுவான்’ என்று எண்ணி, அவனைக் கேலி செய்யவே மக்கள் கோமாளிப் பெயர்களைக் கொடுத்தார்களாம். அதற்குச் சாட்சியாக ‘நாக்ட்கபோரன்’ என்ற பெயரைக் காட்டுவார்கள். கேட்பதற்கு ‘அம்மணமாகப் பிறந்தவர்’. ஆனால் இந்தப் பெயர் 1811-க்கு முன்பே இருந்தது. தந்தை இறந்த பின் பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் மருவி இப்படி ஆனது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். சிரிக்கத் தொடங்கிய கதை ஒரு விதவையின் பிரசவ அறையில் போய் முடிகிறது.

டெ யோங்கில் உள்ள ‘டெ’ வெறும் சுட்டுச்சொல். பெயருக்கு நடுவே வரும் இத்தகைய சொற்களை டச்சுக்காரர்கள் குறிப்பிடும் சொல்லை அப்படியே தமிழாக்கினால் ‘இடைச்செருகல்’. அகரவரிசையில் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. டெ யோங்கை ‘ய’ வரிசையில்தான் தேட வேண்டும். பக்கத்து பெல்ஜியத்துக்குப் போனால் அதே ஆள் ‘ட’ வரிசைக்கு மாறிவிடுவார். எழுத்துக்கூட்டலிலும் வகைகள் உண்டு. கடைசியில் ஓர் எழுத்து கூடிய டெ யோங்க, பழைய பாணியில் ஒரு ‘ஹெச்’ ஒட்டிய டெ யோங் என்று கிளைகள் பிரிந்தன. எழுதியவர் கைக்கு வந்தபடி விழுந்த எழுத்து, இன்று கடவுச்சீட்டில் நிற்கிறது.

யூதர்களிடையேயும் இந்தப் பெயர் பரவலாக இருந்தது. அவர்களில் ஒருவர் வரலாற்றாசிரியர் லூ டெ யோங். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நுழைந்தபோது, மனைவியோடு கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அவருடைய பெற்றோரும் இரட்டைச் சகோதரரும் தப்பவில்லை. போருக்குப் பின், இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தின் வரலாற்றைப் பல பகுதிகளாக அவர் எழுதினார். முதல் பகுதி 1969-ல் வந்தது. கூடப் பிறந்தவரும் பெற்றவர்களும் போன பிறகு, உறவைச் சொல்லும் ஒரு பெயர் மட்டும் அந்தப் புத்தகங்களின் அட்டையில் மிஞ்சியது.

டெ யோங் என்ற பெயர் அதைச் சுமப்பவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவர் குள்ளமா, நெட்டையா, தச்சரா, மாலுமியா, ஊர் எது, எதுவும் அதில் கிடையாது. அது சொல்வது ஒரே ஒரு சேதி: எப்போதோ ஒரு நாள், இந்தக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் அதே பெயரில் வயதில் மூத்தவர் ஒருவர் நின்றிருந்தார். 84,000 பேரும் அந்த மூத்தவர்களின் பெயரைத் தொலைத்துவிட்டு, அவர்கள் இருந்ததற்கான அடையாளத்தை மட்டும் சுமக்கிறார்கள்.

2024 ஜனவரி முதல் நெதர்லாந்தில் பிள்ளைக்கு அம்மா, அப்பா இருவர் குடும்பப் பெயரையும் சேர்த்து வைக்கலாம். டெ யோங்கும் டெ விரீஸும் மணந்துகொண்டால், தொட்டிலில் கிடப்பவர் ‘டெ யோங் டெ விரீஸ்’ ஆகலாம். ‘இளையவர், ஃபிரிஸ்லாந்துக்காரர்’. பிறந்த குழந்தைக்கு முதல் பாதியாவது பொருந்தும்.

இரண்டாம் பாதியில் ஒரு புதிர் இருக்கிறது. ஃபிரிஸ்லாந்துக்காரர் என்று வெளியூரில் அழைத்தால் நியாயம். ஆனால் ஃபிரிஸ்லாந்துக்குள்ளேயே இத்தனை பேர் ஏன் அந்தப் பெயரோடு திரிகிறார்கள்?

(அடுத்த வாரம்: டெ விரீஸ்)