பாதுகாப்பு விதிநூல்களில் சொற்பொருள் மயக்கம்

சொற்பொருள் ஆராய்ச்சி இலக்கியத்துக்கே உரியது என்பார் உளர். பொறியியலார் வகுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் ஒப்புதல் ஆவணங்களுக்கும் அது இன்றியமையாதது. செய்யுளில் ஒரு சொல் இருபொருள் தருமாயின் அணியாகும். விதிநூலில் தருமாயின் உயிருக்கே ஊறு விளையும். நன்னூலார் 'மயங்க வைத்தல்' என்பதனை நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. இம்மயக்கம் அருஞ்சொற்களால் மட்டுமன்றி எளிய சொற்களாலும் நிகழ்தலைச் சில சான்றுகளால் விளக்குவாம்.

முதலாவது, முன்னொட்டால் வரும் மயக்கம். 'இன்ஃபிளேமபிள்' என்னும் ஆங்கிலச் சொல் எளிதில் தீப்பற்றுவதனைக் குறிக்கும். அதன் முதலிலுள்ள 'இன்', 'உள்' என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டு. பிற சொற்களில் 'இன்' எதிர்மறையாகவும் வருதலின், 'தீப்பற்றாதது' எனப் பிறழ உணர்தற்கு இடமாயிற்று. ஆதலின், அமெரிக்க நாட்டின் தேசியத் தீத்தடுப்புக் கழகம் 1920-களிலேயே 'ஃபிளேமபிள்' என வழங்குமாறு வற்புறுத்தலாயிற்று.

இரண்டாவது, வழக்குச்சொல்லால் வருவது. தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய மொழியியலறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப், 1941-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இதனைக் காட்டினார். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களருகே விழிப்புடன் இருப்போர், 'வெறும்' பீப்பாய்களருகே அஞ்சாது புகைபிடிப்பர். 'வெறும்' என்பது நீர்மம் இன்மையையே குறிக்கும். வெடிக்கவல்ல ஆவி எஞ்சியிருத்தலை அச்சொல் மறைத்துவிடுகின்றது.

மூன்றாவது, வினைமுதல் மறைதலால் வருவது. 'ஒப்புதல் பெற்ற கருவி' எனின், யாருடைய ஒப்புதல்? மேற்கூறிய கழகத்தின் விதிநூல்கள், 'அதிகாரமுடைய அமைப்பினால் ஏற்கத்தக்கது' என அதனை வரையறுக்கின்றன. கழகம் தானே எக்கருவிக்கும் ஒப்புதல் வழங்குவதில்லை. வரையறையை நோக்காதார் கழகமே ஒப்பியதாகக் கொண்டு மயங்குவர்.

நான்காவது, ஏவல் வகையால் வருவது. அவ்விதிநூல்களில் 'ஷல்' என்பது கட்டாயத்தையும், 'ஷுட்' என்பது பரிந்துரையையும் குறிக்கும். இரண்டனையும் தமிழில் 'வேண்டும்' என்றே பெயர்ப்பின் வேறுபாடு அழியும். முன்னதனைக் 'கட்டாயமாகச் செய்தல் வேண்டும்' எனவும், பின்னதனைச் 'செய்தல் நன்று' எனவும் பெயர்த்தல் பொருந்தும்.

இனி, இத்தகைய ஆவணங்களைக் கற்கும் நெறி யாதெனின், ஆவணம் தரும் வரையறையை முதற்கண் நாடுதலும், மறைந்துள்ள வினைமுதலை வினவிக் காண்டலுமாம். பின்னும் ஐயம் நீங்காவிடின், தெளிவு பெறுங்காறும் உயிர்க்காப்பு மிகுந்த பொருளைக் கொள்க. பழநூல்களுக்கு உரை காண்போர் நூலாசிரியரை வினவ இயலாமையின் சொற்களை வருவித்துப் பொருள் கொள்வர். விதிநூலைக் கற்போர்க்கு அவ்வுரிமை இல்லை. வினவும் வாய்ப்போ உண்டு. முறைப்படி விளக்கம் வழங்கும் நெறியை அக்கழகமே வகுத்துள்ளது. வினவி அறிதலே இங்குச் சிறந்த உரைநெறி என்பது எம் துணிபு.