உங்களுக்குத் தெரியுமா? – கச்சேரிக்குப் பின்னால் இருந்தவர்கள்

"எனக்கு ராகமெல்லாம் தெரியாதே" என்று கச்சேரிக்கு வரத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். ராகம் மெல்லப் பிடிபடட்டும். முதலில் இவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி இன்று அபூர்வம். ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் அது. கிருதிகள் பல இயற்றிய முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று, நம் இசைக்குப் பழக்கினார்.

அண்ணனோ ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. பாட்டு கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு இவற்றைவிட நல்ல வாசல் இல்லை என்பேன்.

தீட்சிதர் கிருதிகள் ஸ்வரக்குறிப்போடு நமக்குக் கிடைத்ததற்கு ஒரு கிறிஸ்தவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஏ.எம். சின்னசாமி முதலியார், நம் பாடல்களை மேற்கத்திய ஸ்வரக்குறிப்பில் அச்சிடும் வேலையில் பணத்தையும் கண்பார்வையையும் இழந்தவர். எட்டயபுரத்தில் இருந்த, தீட்சிதர் குடும்பத்தைச் சேர்ந்த சுப்பராம தீட்சிதரை அவர் விடாமல் வற்புறுத்தியதன் பலன், 1904-இல் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூல்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் யார்? தேவதாசி குலத்தில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். சமாதி பாழடைந்து கிடக்கிறது என்று குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. பாடிச் சேர்த்த பணத்தைக் கொட்டினார். 1921-இல் அடிக்கல், 1925-இல் குடமுழுக்கு. ஆனால் அங்கே தியாகராஜருக்கு ஆண்டுதோறும் ஆராதனை நடத்திய பாடகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்திருந்தார்கள்; இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. கோயில் கட்டியவருக்கே அந்த நிலை! அவர் ஒதுங்கிப் போகவில்லை. பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனி ஆராதனை தொடங்கினார். அதற்குப் 'பெண்கள் கட்சி' என்றே பெயர் வந்தது. 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. இன்று தியாகராஜரின் பஞ்சரத்ன கிருதிகளை ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அந்த உரிமைக்குப் பின்னால் இத்தனை வருடப் பிடிவாதம் இருக்கிறது. நாகரத்தினம்மாள் காலமானது 1952-இல். அவருடைய சமாதியும் அங்கேயே, தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. திருவையாறு போகிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

அதே கிருஷ்ணப்பாவின் இன்னொரு சீடர் மைசூர் சௌடையா. மைக் பரவாத காலத்தில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று நான்கு தந்தி வயலினில் மேலும் மூன்று தந்திகளைப் பூட்டினார். பெங்களூர் மல்லேசுவரத்தில் அவர் பெயரில் உள்ள அரங்கம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டது. வில்லும் உண்டு, தந்திகளும் உண்டு.