ஹஜ் ஊசி தடுக்காத கிருமி

காரைக்குடியிலிருந்தோ இளையான்குடியிலிருந்தோ ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். 1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது 'ஏ' வகைக் கிருமியும், 2000ஆம் ஆண்டு 'டபிள்யூ' வகையும் பரவின. இன்றைய ஊசி ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கிறது. 'பி' வகையைத் தடுப்பதில்லை. ஏன்?

அந்நான்கிற்கும் கிருமியின் மேலுறைச் சர்க்கரைப் பொருளைக் கொண்டே மருந்து தயாராகிறது. 'பி' வகையின் உறையோ நம் நரம்பணுக்களிலுள்ள பொருளை ஒத்தது. ஆகவே உடல் அதனைப் பகையென்று எளிதில் உணர்வதில்லை.

வழி வேறிடத்தில் கிடைத்தது. இக்கிருமி வளரும்போது தன் வெளிச்சவ்விலிருந்து நுண்குமிழிகளை உதிர்க்கிறது. அவற்றில் கிருமியின் புரதங்கள் உண்டு. உயிரில்லை, பெருகவும் இயலாது. நச்சைக் குறைத்து அவற்றை ஊசியாகச் செலுத்தினால், உடல் பகைவனை அடையாளம் கண்டுகொள்கிறது. கியூபா 1980களில் இம்முறையைக் கையாண்டது. நியூசிலாந்து 2004 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோருக்கு இத்தகைய ஊசியைப் போட்டது. கொல்கத்தாவின் தேசிய காலரா, குடல்நோய் ஆய்வு நிறுவனத்தார் சீதபேதிக் கிருமியின் குமிழிகளை எலிகளில் சோதித்தனர்.

ஹஜ் ஊசியை, சவூதி சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அதன்பின்னும் காய்ச்சலுடன் கழுத்து விறைத்தால், 'ஊசிதான் போட்டாயிற்றே' என்றிராமல் உடனே மருத்துவரை நாடுங்கள்.