எந்தப் பாகம் காத்திருக்கிறது?

2025 கோடை விடுமுறையில் என் அக்கா மகன் 30,000 ரூபாயோடு வந்து நின்றான். பாதி அவன் பகுதி நேர வேலையில் சேர்த்தது, மீதி பாட்டி கொடுத்தது. 2018-இல் வாங்கிய கம்ப்யூட்டரைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா, இதையே தேற்றுவதா என்பது அவன் கேள்வி. பெட்டிக்குள் ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஒரே குச்சியில் 8 ஜி.பி. ராம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், 4 ஜி.பி. நினைவகமுள்ள ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கிராபிக்ஸ் கார்டு. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் பெயர் தெரியாத கம்பெனியுடையது, கேபினெட்டோடு சேர்ந்து வந்தது.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பத் துடித்தவனை ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி ‘பட்ஜெட் எவ்வளவு?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது, நம் பெட்டியில் எந்தப் பாகம் எதற்காகக் காத்திருக்கிறது என்பது.

திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி நொடிக்குள் தயாராக வேண்டும். யார் எங்கே நிற்கிறார், குண்டு யார் மேல் பட்டது என்ற கணக்கைப் பிராசஸர் போடுகிறது. அந்தக் கணக்கை வாங்கிக் கிராபிக்ஸ் கார்டு படமாக வரைகிறது. இரண்டில் எது மெதுவோ அதன் வேகம்தான் விளையாட்டின் வேகம். மற்றது சும்மா காத்திருக்கும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், ஆடும்போதே கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று திரை ஓரத்தில் காட்டும். 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டு திணறுகிறது. 60, 70-லேயே நின்றும் ஆட்டம் திக்கினால் பிராசஸரையோ ராமையோ சந்தேகிக்கலாம். இன்னொரு சோதனையும் உண்டு. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கான பட எண்ணிக்கை (எஃப்.பி.எஸ்.) ஏறினால் குறை கார்டில். ஏறாவிட்டால் கார்டை மாற்றிப் பயனில்லை.

சைபர்பங்க் 2077-இல் அவன் கார்டு 99 சதவீதத்தை விட்டு இறங்கவில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் கதை வேறு. கார்டுக்கு வேலை குறைவு, ஆனாலும் எதிரி முன்னால் வரும் நேரமாகப் பார்த்துப் படம் உறைந்து நின்றது.

அங்கே குற்றவாளி ராம். டி.டி.ஆர்.4 3200 வகையில் ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜி.பி. தரவைக் கடத்தும். இரண்டு குச்சிகளை உரிய ஸ்லாட்டுகளில் செருகினால் பாதை இரட்டிப்பாகி 51.2 ஜி.பி. ஆகும். ஆகவே 16 ஜி.பி. என்று ஒரே குச்சியை வாங்குவதை விட 8, 8 என்று இரண்டாக வாங்குவதே கேமுக்கு நல்லது. இவன் ராம் மீது 3200 என்று அச்சிட்டிருந்தது, ஓடியதோ 2133-இல். மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. என்ற ஒரு வரியை ஏழு வருடங்களாக யாரும் இயக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகம் பெட்டிக்குள் தூங்கிக் கிடந்ததைப் பார்த்து எனக்கு மனம் கனத்தது. பைசா செலவில்லாத இந்த வேலையைத்தான் முதலில் செய்தோம். அடுத்து தூசி தட்டி, காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்தோம். சென்னை வெயிலில் சூடேறிய பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் இதையும் அலட்சியப்படுத்த முடியாது.

பிறகுதான் செலவு. அவன் கனவு முழுக்க கிராபிக்ஸ் கார்டு. நான் முதலில் காட்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸை. பெட்டி மேல் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஆனால் பிராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் பாதையில். அதன் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்தான். நாங்கள் யோசித்திருந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட், ரைசன் 2600 முழு மூச்சில் ஓடும்போது 88 வாட். இரண்டும் சேர்ந்தாலே 220. இப்படிப்பட்ட பெட்டியில் புது கார்டைச் செருகினால் ஆட்டத்தின் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்து போகும்; கெட்ட நேரமென்றால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கார்டுக்கான மின் கேபிள் இல்லையென்று ஹார்ட் டிஸ்க் கேபிளிலிருந்து மாற்றிக் கொடுத்துச் சமாளிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 80 பிளஸ் பிரான்ஸ் தரத்தில் 550 வாட் ஒன்று வாங்கினோம்.

கார்டில் மூன்று பொறிகள். ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. விலை குறைவு. ஆனால் அதற்கு நான்கே தரவுப் பாதைகள். பி450 போன்ற பழைய பி.சி.ஐ. 3.0 போர்டில் அதன் வேகம் நன்றாகவே விழும். 6600-க்கு எட்டுப் பாதைகள் இருப்பதால் இழப்பு சொற்பம். செகண்ட் ஹேண்டில் ஆர்.எக்ஸ். 580 ஏராளமாகக் கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறியதும் மைனிங்கில் உழைத்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் 580-க்கு 2304 ஷேடர்கள். 2048 மட்டுமே உள்ள ஒரு வகையும் அதே பெயரில் உலவுகிறது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருள் உண்மையைக் காட்டிவிடும். மூன்றாவது பொறி, ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் அதற்கான வசதி கார்டிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. 580-இல் அந்த வசதி கிடையாது, 6600-இல் உண்டு. இவனுடைய 1050 டி.ஐ. அடங்கும் 10 வரிசை கார்டுகளுக்கு என்விடியாவும் புது கேம் டிரைவர்கள் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது.

6600 வாங்கியதில் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு போனது. மிச்சத்தில் இன்னொரு 8 ஜி.பி. குச்சியும் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும். சைபர்பங்க் 2023-லேயே ஹார்ட் டிஸ்க்கைக் கைவிட்டு எஸ்.எஸ்.டி.யைக் குறைந்தபட்சத் தேவையாக்கிவிட்டது. பழைய டிஸ்கில் இப்போது அவன் அம்மாவின் புகைப்படங்கள்.

பிராசஸரைத் தொடவில்லை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டில் ஒரு வசதி உண்டு. அடுத்த வருடம் காசு சேர்ந்தால் இதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே, யு.பி.எஸ். துணையோடு, பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பிராசஸரை மாற்றிய பிறகு முயன்றால் திரையே வராமல் போகலாம். இன்டெல்லில் இவ்வளவு நீண்ட வழி இல்லை. ஏழாம் தலைமுறையும் எட்டாம் தலைமுறையும் பார்வைக்கு ஒரே சாக்கெட். ஆனால் ஏழாவதுக்கான போர்டில் எட்டாவது ஓடாது.

இன்று இதே பட்டியலைப் போடுபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஏ.ஐ. தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 கடைசியில் ராம் விலை மளமளவென ஏறிவிட்டது. புது போர்டு வாங்கினால் டி.டி.ஆர்.5 ராமும் சேர்த்து வாங்க வேண்டும், அது இன்னும் சுமை. பழைய போர்டை வைத்துக்கொண்டு செகண்ட் ஹேண்டில் ஒரு டி.டி.ஆர்.4 குச்சி தேடுவதே என் யோசனை. ராம் எளிதில் தேயும் பொருளில்லை; மெம்டெஸ்ட்86-ஐ ஓரிரவு ஓடவிட்டால் குறை இருந்தால் தெரிந்துவிடும்.

கழற்றிய 1050 டி.ஐ.யை விற்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். அதற்கு 75 வாட் போதும், அதையும் பெரும்பாலும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தனி கேபிள் கேட்காது. அவன் சித்தி மகளிடம் அலுவலகத்தில் கழித்துப்போட்ட டெஸ்க்டாப் ஒன்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அதில் கார்டைச் செருகிக் கொடுத்துவிட்டு, எக்ஸ்.எம்.பி. எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அவனே காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பழைய போர்டில் அப்படி ஒரு வரியே இல்லை. இருவரும் பயாஸ் முழுவதையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.