பாதத்திற்கேற்ற பாதணி

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்று கேட்பது தமிழ்ப் பழமொழி. கேட்டவுடன் சிரிப்பை வருவிக்கும் கேள்விதான். ஆயினும் கடைக்குச் சென்று சப்பாத்து வாங்குவோரிற் பெரும்பாலார் ஏறக்குறைய அதனையே செய்து வருகின்றனர். சப்பாத்தின் ஒடுங்கிய முனைக்குள் விரல்களை நெருக்கிப் புகுத்தி, நாளடைவிற் சரியாகிவிடும் என்று தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். வெறுங்காலுடன் ஓடிப் பழகிய ஒருவர் சப்பாத்து அணிய நேரும்போதுதான் இதனால் விளையும் துன்பம் முழுவதும் வெளிப்படுகின்றது.

1960ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 10ஆந் திகதி மாலை உரோமாபுரியில் ஒலிம்பிக் மரதன் ஓட்டம் நடைபெற்றது. எதியோப்பியப் பேரரசரின் மெய்காவற்படையைச் சேர்ந்த அபேபே பிகிலா என்னும் 28 வயது வீரர் அதிற் கலந்துகொண்டார். போட்டிக்கெனக் கிடைத்த சப்பாத்துகள் அவருடைய பாதங்களுக்கு இசையவில்லை. வெறுங்காலுடன் ஓடிப் பழகியவராதலின், அவ்வாறே ஓடுவதெனத் துணிந்தார். கல் பாவிய பழைய அப்பிய வீதியைத் தீவட்டி வெளிச்சத்திற் கடந்து, கொன்ஸ்தந்தீன் வளைவின் அருகே முதல்வராக வந்து சேர்ந்தார். 42.195 கிலோமீற்றர் தூரத்தை அவர் ஓடி முடித்த நேரம் 2 மணி 15 நிமிடம் 16 செக்கன். அதுவரை எவரும் அத்தூரத்தை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. 1964ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் அவரே மீண்டும் வென்றார். அவ்வேளை அவர் கால்களிற் சப்பாத்துகள் இருந்தன. ஓடிய நேரமும் முன்னையதிலும் குறைந்திருந்தது. வெறுங்காலே சிறந்தது என்றோ, சப்பாத்தே சிறந்தது என்றோ அவருடைய வாழ்க்கையை வைத்து வாதிடுதல் இயலாது. பாதத்திற்கு இசையாத சப்பாத்திலும் வெறுங்கால் மேலானது என்பதே அவர் உரோமாபுரியிற் கண்ட தீர்ப்பு.

பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள. உடலின் பாரம் அழுத்தும்போது பாதம் சிறிது நீண்டு அகலும். விரல்கள் விசிறிபோல விரிந்து நிலத்தைப் பற்றும். பாரம் நீங்கியதும் அது பழைய நிலைக்கு மீளும். சிறு வயது முதல் வெறுங்காலுடன் நடந்தவரின் பாதம் பெரும்பாலும் விரல் நுனிப்பக்கத்திலேயே மிக அகன்று காணப்படும். பெருவிரல் நேராக நிற்கும். இதனைக் குறையென்று கருதி வெட்கப்படுவோர் உளர். உண்மையில் இதுவே பாதத்தின் இயல்பான வடிவமாகும். இந்தியாவில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்த மருத்துவர் இருவர் 1992ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பாதணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம் காணப்பட்டது. அணியாது வளர்ந்தோரில் அது நூற்றுக்கு 2.8 பேருக்கே காணப்பட்டது. முன்புறம் மூடிய சப்பாத்தே இவ்வகையில் மிகுந்த தீங்கு செய்வதாக அவர்கள் கண்டனர்.

அவ்வாறாயின் சப்பாத்து ஏன் ஒடுங்கிய முனையுடன் செய்யப்படுகின்றது? சப்பாத்து, காலின் வடிவில் அமைந்த ஓர் அச்சின்மீது வைத்தே செய்யப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் இடக்காலுக்கும் வலக்காலுக்கும் வேறுபாடின்றி ஒரே அச்சில் சப்பாத்துச் செய்யும் வழக்கம் பரவலாக இருந்தது. அக்காலத்தில் சூரிச் நகரில் உடற்கூற்றியல் கற்பித்த ஹேர்மன் மாயர் என்பார் இதனைக் கண்டித்து எழுதினார். பெருவிரலின் நடுவாக வரையப்படும் கோடு குதியின் நடுவிற் சென்று சேரவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. இவ்விதிப்படி சப்பாத்தின் உட்பக்க விளிம்பு நேராக அமைதல் வேண்டும். இடமும் வலமும் பின்னர் வேறுபடுத்தப்பட்டன. எனினும் கூரிய முனையின்மீது மக்கள் கொண்ட மோகம் நீங்கவில்லை. பெருவிரல் உட்புறமாகச் சாய்வதும், சுண்டுவிரலில் ஆணி விழுவதும், நகம் கறுப்பதும் அம்மோகத்தின் பயனாகும்.

ஓடுவோரைப் பொறுத்தவரை குதியின் உயரமும் கருதத்தக்கது. இக்கால ஓட்டச் சப்பாத்துகள் பலவற்றிற் குதிப்பகுதி முன்பகுதியிலும் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் உயர்ந்து மெத்தைபோல அமைந்திருக்கும். அவற்றை அணிந்தோர் பெரும்பாலும் குதியை முதலில் நிலத்தில் ஊன்றுவர். வெறுங்காலுடன் ஓடிப் பழகியவரோ பெரும்பாலும் முன்பாதத்தையே முதலில் ஊன்றுவர். அதனால் நிலம் திருப்பித் தாக்கும் திடீர் அதிர்ச்சி குறைகின்றது. ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டானியல் லீபர்மனும் அவருடன் உழைத்தோரும் 2010ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டை அளந்து காட்டினர். வெறுங்கால் ஓட்டத்தின் இயல்பைக் கெடுக்காத எளிய சப்பாத்து எது என்பதனை 2015ஆம் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர் வரையறுத்தனர். அது நன்கு வளைதல் வேண்டும்; பாரம் குறைந்ததாதல் வேண்டும்; அடிப்பாகம் மெல்லியதாகவும், குதியும் முன்பாதமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்குமாறும் அமைதல் வேண்டும்; பாதத்தின் அசைவைத் தடுக்கும் தாங்கிகள் அதில் இருத்தலாகாது.

வெறுங்கால் அத்துணை நன்றாயின் சப்பாத்து எதற்கு என்ற வினா எழலாம். நண்பகலிற் கொதிக்கும் தார் வீதியும், உடைந்த போத்தற் கண்ணாடியும், முள்ளும், துருப்பிடித்த ஆணியும் அதற்கு விடை கூறும். அசுத்தமான ஈரநிலத்திற் கொழுக்கிப்புழு தோலைத் துளைத்து உட்புகும்; புண்ணின் வழியே ஏற்புவலி உண்டாகலாம். எனவே பாதத்தைக் காக்கும் ஒரு மெல்லிய உறை பல இடங்களில் இன்றியமையாததாகின்றது. அவ்வுறை பாதத்தை ஒடுக்காதிருத்தலே வேண்டப்படுவது.

தகுந்த சப்பாத்தைத் தெரிவதற்கு நேயர்கள் வீட்டிலேயே ஆயத்தஞ் செய்யலாம். பகல் முழுவதும் நடந்தபின் பாதம் சிறிது பருத்திருக்குமாதலால் மாலை வேளையே அளப்பதற்கு ஏற்றது. ஒரு தாளின்மீது முழுப் பாரத்தையும் ஊன்றி நின்று, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வேறொருவரைக் கொண்டு கோடு வரைவித்தல் வேண்டும். இரு பாதங்களையும் வரைதல் அவசியம். அவை சிறிது வேறுபடுவது இயல்பு. பெரிய பாதத்தின் படத்தையே வெட்டியெடுத்துக் கடைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

கடையில் சப்பாத்தின் உள்ளே விரித்திருக்கும் மெல்லிய உள்ளட்டையை வெளியே எடுத்து, அதன்மீது அப்படத்தை வைத்துப் பார்க்கலாம். விரல்களின் பக்கம் படம் அட்டைக்கு வெளியே நீட்டுமாயின் அச்சப்பாத்து ஆகாது. மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலமளவு, அதாவது ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட, இடைவெளி இருத்தல் நன்று. பின்னர் சப்பாத்தைக் கையால் வளைத்தும் முறுக்கியும் பார்க்கவேண்டும். எளிதில் இணங்காத அடிப்பாகம் பாதத்திற்கும் இணங்காது. இறுதியாக இரண்டையும் அணிந்து, விரல்களைத் தூக்கி விரித்துப் பார்த்து, கடையினுள்ளே சிறிது தூரம் நடந்து பார்த்தல் வேண்டும். இன்று நெரிக்கும் சப்பாத்து நாளை இளகும் என்று நம்புதல் தவறு.

அகலம் போதாதபோது ஓரிலக்கம் பெரிய சப்பாத்தை வாங்குவதும் பலர் செய்யும் பிழை. ஆங்கில அளவில் ஓரிலக்கம் கூடினால் நீளம் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு கூடும். அகலம் சிறிதளவே கூடும். அப்போது சப்பாத்து வளையும் இடமும் பாதம் வளையும் இடமும் பொருந்தாமற் போகும். குதி நழுவிக் கொப்புளமுண்டாகும். அமெரிக்க அளவில் அகலத்திற்கெனத் தனி எழுத்துகள் உள. ஆண்களுக்கு ‘டி’ என்பது நடுத்தர அகலம். ‘2ஈ’, ‘4ஈ’ என்பன முறையே அதனிலும் அகன்றவை. பெண்களுக்கு நடுத்தர அகலம் ‘பி’ ஆகும். ஆதலால் அகன்ற பாதமுடைய பெண்கள் ஆண்களுக்கான சப்பாத்துகளையும் அணிந்து பார்ப்பது பயன் தரும். எனினும் எழுத்தை மட்டும் நம்புதல் போதாது. சில சப்பாத்துகள் நடுவில் அகன்றும் முனையில் ஒடுங்கியும் இருக்கும். பாதத்தின் படமே முடிவான சாட்சி.

பணமில்லாதவருக்கும் வழியுண்டு. மெக்சிக்கோ நாட்டின் மலைப்பள்ளத்தாக்குகளில் நெடுந்தூரம் ஓடிப் புகழ்பெற்ற ராராமுரி மக்கள், பழைய மோட்டார் டயரின் றப்பரைத் தம் பாதவடிவில் வெட்டி, வாரினாற் கட்டி அணிந்து ஓடுகின்றனர். அப்பாதணியின் முன்புறம் திறந்திருப்பதால் விரல்கள் நெரிவதற்கு இடமில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். மெத்தைச் சப்பாத்திற் பழகியவர் திடீரென எளிய சப்பாத்துக்கு மாறுதல் ஆபத்தானது. 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 36 ஓட்டக்காரர் பத்து வாரம் அவதானிக்கப்பட்டனர். விரலுறை போன்ற மெல்லிய சப்பாத்துக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பினுள் அழுத்தத்தின் அறிகுறிகள் மிகுந்து காணப்பட்டன. ஆதலால் முதலிற் சில வாரம் அதனை அணிந்து நடத்தல் வேண்டும். பின்பு சிறிது தூரமே ஓடி, மெல்ல மெல்லக் கூட்டுதல் வேண்டும். கெண்டைக்காலிலோ பாதத்தின் மேற்புறத்திலோ நோவு நீடித்தால் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரை நாடுதல் வேண்டும். நீரிழிவினாற் பாதத்தில் உணர்ச்சி குறைந்தோர் வைத்தியரின் ஆலோசனையின்றி இதில் இறங்கலாகாது. எளிய சப்பாத்து அணிந்தால் காயங்கள் நேரா என்பதும் இதுவரை நிறுவப்பட்டதன்று.

நம் நாட்டுப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் வெறுங்காலுடன் ஓடும் மாணவரை இன்றும் காணலாம். அத்தகைய மாணவன் ஒருவன் மேற்போட்டிக்குத் தெரிவானதும், பெற்றோர் கடன்பட்டேனும் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, அதனை அணிந்தே ஓடுமாறு கூறுவர். போட்டி நாளன்று முதன்முறையாக அதனை அணிந்தவன் கொப்புளத்துடன் பின்தங்குவான். அன்பினாற் செய்த செலவே அவனுக்குத் தடையாகிவிடும். மெய்வல்லுநர் போட்டிகளின் சர்வதேச விதிகள் வெறுங்காலுடன் ஓடுவதனையும் அனுமதிக்கின்றன என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று. சப்பாத்து வேண்டுமாயின் போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே, மாணவனையும் உடன் அழைத்துச் சென்று, அவன் பாதத்தின் படத்துடன் ஒப்பிட்டு வாங்குதல் வேண்டும். அழகும் விலையும் பார்க்குமுன், விரல்களை விரிக்க முடிகின்றதா என்று அவனைக் கேட்டறிதல் வேண்டும். முடியவில்லை என்று அவன் கூறுவானாயின், அச்சப்பாத்தைக் கடையிலேயே விட்டு வருவதுதான் அவனுக்குச் செய்யும் உதவி.